நாகலூர் வீட்டுக்கு ஒரு ஆன்டெனா

நாகலூரில் மாமா வீட்டு டிவியில் ஐந்து மாதமாகப் படம் வருகிறது. மாதக் கட்டணம் எதுவும் இல்லை. கோடை இடி, ஜூன் மழை எல்லாவற்றையும் தாண்டி நின்றுவிட்டதால் இனி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆரம்பித்தது வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனாவில். முடிந்தது வெளியே கான்கிரீட்டில் போல்ட் அடித்து நிறுத்திய 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில். நடுவில் செய்த தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். மலைப்பக்கம் வீடு வைத்திருக்கும் யாருக்காவது இரண்டு நாள் மிச்சமானால் நல்லது.

மாமா வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம், காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு. கூரைமேல் பழைய மீன்முள் ஆன்டெனா ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் தூர்தர்ஷன் அதில்தான் வந்தது. நான் பள்ளி விடுமுறைக்கு மலையேறும்போதெல்லாம் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் படத்தைத் தெளிய வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் அது நின்றது. நாட்டில் 50 இடங்களைத் தவிர மற்ற பழைய அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்களை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவது என்று பிரசார் பாரதி முடிவெடுத்தது. கட்டண இணைப்பு ஒன்று கொஞ்ச நாள் இருந்தது. மாமாவும் அத்தையும் பார்ப்பது செய்தியும் பழைய பாட்டும்தான். அதற்கு மாதாமாதம் பணம் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. "காத்துல சும்மா வர்றதைப் புடிக்க ஒரு வழி இல்லையா மாப்ளே?" என்று தீபாவளிக்கு வந்தபோது கேட்டார். பார்க்கலாம் மாமா என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் காகிதம் மாதிரி மெல்லிய ஆன்டெனா ஒன்றை ஜன்னலில் ஒட்டுகிறார்கள், ஐம்பது சேனல் வருகிறது. அதையே இங்கேயும் செய்யலாம் என்று நினைத்தேன். தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் நிறைய. எந்த அலைவரிசைக்கு எந்த அளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர், அதில் பாதி 25. ஆகவே ஒரு முழம்கூட இல்லாத தகடு யுஎச்எஃப் பட்டைக்குப் போதும். 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் அலை ஒன்றரை மீட்டர், பாதியே 75 சென்டிமீட்டர். அந்தத் தகடு அங்கே திணறும். வேண்டுமானால் இழுத்து நீட்டும் இரட்டைக் கம்பி, அதாவது முயல்காது, அதற்குப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் யோசித்து, யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த 33 சென்டிமீட்டர் தகடு ஆன்டெனா ஒன்றை 849 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் 250 மைல் என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

அந்த 250 மைலைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே விஷயம் புரிந்திருக்கும். டிவி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. பூமி வளைந்த இடத்துக்கு அப்பால் பெரும்பாலும் இறங்காது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஏற்காட்டுக்கு 1,500 மீட்டர் என்று வைத்தால் சுமார் 160 கிலோமீட்டர். அனுப்பும் கோபுரத்துக்கு 150 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அதற்கு இன்னொரு 50. ஆக மொத்தம் 210. இந்தியாவில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை, டிவிபி-டி2 என்ற முறையில், தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை. ஏற்காட்டிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 260 கிலோமீட்டர். மலையுச்சியில் நின்றாலும் 50 கிலோமீட்டர் குறைகிறது. இடையில் இருக்கும் மலைகளை இதில் சேர்க்கவே இல்லை. எந்த ஆன்டெனாவாலும் அந்த 50-ஐ ஈடுகட்ட முடியாது. இதையெல்லாம் ஆன்டெனா வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன்.

முதலில் சேலத்தில், அஸ்தம்பட்டியில் என் வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். டிவியில் தேடச் சொன்னால் 0 என்று வந்தது. ஜன்னலை மாற்றினேன், மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன், 0. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் 0, எடுத்தால் 0. ஆம்ப்ளிஃபயர் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும்: வருகிற சமிக்ஞையைத்தான் அது பெருக்கும். வராததைப் பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும். கேபிளில் போகும் வழியில் இழப்பதை ஈடுகட்ட அது நல்லது. வேறு எதற்கும் அதை நம்பக் கூடாது.

அப்புறம்தான் டிவியின் கையேட்டைப் புரட்டினேன். ட்யூனர் என்ற வரியில் அனலாக், டிவிபி-சி என்று மட்டும் இருந்தது. டிவிபி-சி என்பது கேபிளுக்கு. அந்த டிவிக்கு டிவிபி-டி2 தெரியவே தெரியாது. ஆக இரண்டு நாள் நான் தேடியது, கேட்கவே முடியாத காதை வைத்துக்கொண்டு. தேடலில் 0 வந்தால் காற்றில் ஒன்றும் இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம், டிவிக்கு அந்த மொழி தெரியவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த செலவில் இறங்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்கிற யுஎஸ்பி குச்சி இருந்தது. உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யூ சிப் முதலில் கணினியில் தரைவழி டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அலைவரிசைகளைப் படம் போட்டுக் காட்டும் கருவியாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 24-லிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும். ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் தெரியும் என்பதால் துண்டு துண்டாக ஓடவிட்டு ஒட்டிப் பார்க்க வேண்டும். என் 849 ரூபாய் ஆன்டெனாவை அதில் செருகி லேப்டாப்பில் ஓடவிட்டோம்.

88 முதல் 108 வரை எஃப்எம் நிலையங்கள் ஊசி ஊசியாக நின்றன. ஆன்டெனா வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. பிறகு 174 முதல் 230 வரை தட்டையான தரை. 470-லிருந்து மேலே போனோம், அங்கேயும் தரைதான். 758-ஐத் தாண்டியதும் ஒரு இடத்தில் திடீரென்று மேடு எழுந்தது. உச்சி தட்டையாக, இரண்டு ஓரமும் செங்குத்தாக, சுவர் மாதிரி. டிஜிட்டல் டிவி இப்படித்தான் தெரியும் என்று நான் படித்திருந்தேன். கிடைத்துவிட்டது என்று சத்தமே போட்டுவிட்டேன். நண்பர் அமைதியாக, "அகலத்தை அளந்து பாருங்க" என்றார். அளந்தால் ஏறக்குறைய 10 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் இந்தப் பட்டையில் டிவி சேனலின் அகலம் 8. இது 700 மெகாஹெர்ட்ஸ் அலைபேசிப் பட்டை. அதில் கோபுரம் அனுப்பும் பகுதி 758-லிருந்து 803 வரை. என் கண்ணில் பட்டது பக்கத்து அலைபேசிக் கோபுரம். மேலே 870, 940 பக்கங்களிலும் அதே மாதிரி மேடுகள் இருந்தன. டிவி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சேலம் ஒரு கிண்ணம் மாதிரி: வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. ஊருக்குள் இல்லாதது மலைமேல் இருக்கலாம் என்று மனசு சொன்னது. அடுத்த ஞாயிறு குச்சி, லேப்டாப், தகடு மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். மாமா வீட்டு வாசலில் அரைமணி நேரம் ஓடவிட்டேன். எஃப்எம் ஊசிகள் கூடின, உயரமாயின. டிவி பட்டை அதே தரை. போகும்போது கடைசி முயற்சியாகக் கூரைமேல் இருந்த பழைய மீன்முள்ளையும் இணைத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. அந்த 849 ரூபாயை அன்றைக்குத்தான் முழுசாக நஷ்டக் கணக்கில் எழுதினேன். தகட்டில் குறை இல்லை. தரைவழி ஒளிபரப்பு இருக்கிற ஊரில் அது நன்றாகவே வேலை செய்யும். எங்கள் காற்றில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

சரி, சும்மா வருவது வேறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மேலேயிருந்து வருகிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அது 2015 நவம்பரில் ஏவப்பட்டது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். நான் ஸ்கேன் செய்த அன்று வந்தவற்றில் பெரும்பகுதி இந்திச் சேனல்கள். நமக்கு முக்கியமானது டிடி தமிழ், 2024 ஜனவரிவரை பொதிகை என்ற பெயரில் இருந்தது. அதோடு ஆகாசவாணி நிலையங்களும் வரும். தனியார் தமிழ்ச் சீரியல்கள் வேண்டும் என்பவர்கள் இதை நம்பி டிஷ் வாங்க வேண்டாம். மாமாவிடம் இதைத் தெளிவாகச் சொன்ன பிறகுதான் சாமான் வாங்கினேன்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் எல்லாம் கிடைத்தது. 60 சென்டிமீட்டர் டிஷ், அதில் குவியும் அலையை வாங்கிக் கேபிளில் இறக்கும் எல்என்பி, இரண்டும் சேர்த்து 750. எம்பெக்4 செட்டாப் பெட்டி 1,250. ஆர்ஜி6 கேபிள் 22 மீட்டர், மீட்டர் 18 வீதம் 396. கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டர் ஆறு 60. ஆங்கர் போல்ட் நான்கு 80. தண்ணீர் புகாத ரப்பர் டேப் 120. செயற்கைக்கோளைத் தேடும்போது பீப் சத்தம் போடும் சாட் ஃபைண்டர் 280. மொத்தம் 2,936 ரூபாய்.

பொங்கல் விடுமுறையில் ஜனவரி 16 அன்று மலையேறினேன். முதல் நாள் எதுவுமே சரியாக வரவில்லை.

ஓட்டு வீட்டில் டிஷ்ஷை எங்கே நிறுத்துவது? திண்ணையின் மரத்தூண் கைக்கு எட்டியது, அதில் கவ்வி கட்டினேன். வயர் போகும் தூரமும் குறைவு. ஆனால் மதியம் காற்று அடித்தபோது தூணோடு சேர்ந்து டிஷ்ஷும் நடுங்கியது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பார்வை அகலம் சுமார் மூன்று டிகிரிதான். கொஞ்சம் ஆடினாலும் செயற்கைக்கோள் தப்பிவிடும். கழற்றினேன். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்கக் கட்டிய கான்கிரீட் மேடை இருந்தது. அதில் டிரில் போட்டு, நான்கு ஆங்கர் போல்ட்டும் இறக்கி, தாங்குகுழாயை ரசமட்டம் வைத்து நிறுத்தினேன். குழாயை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதாது. குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது ஏற்றமும், அதாவது மேல்நோக்கிய கோணமும், சேர்ந்து மாறும், பிறகு தேடுவது குருட்டுத் தேடலாகிவிடும்.

பழைய மீன்முள்ளிலிருந்து இறங்கும் கேபிளையே பயன்படுத்தினால் 396 ரூபாய் மிச்சம் என்று முதலில் அதை வெட்டினேன். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அடுத்த சாணிலும் அதே. பல வருட மழை உள்ளே இறங்கியிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை இழுத்தேன்.

செயற்கைக்கோள் நிற்கும் கோணங்கள்: நாகலூருக்கு, வடக்கிலிருந்து வலமாக 127 டிகிரி, அதாவது ஏறத்தாழத் தென்கிழக்கு. ஏற்றம் 67.5 டிகிரி. தலைக்கு மேலே என்று சொல்லலாம். தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் நிறைய, மிளகுக்கொடி ஏறி அடர்ந்து நிற்கின்றன. அவை மறைக்குமோ என்று பயந்தேன். கணக்கு எளிது: இந்த ஏற்றத்தில் ஒரு மரம் டிஷ்ஷிலிருந்து இருக்கும் தூரத்தைவிட 2.4 மடங்கு உயரமாக இருந்தால்தான் மறைக்கும். தென்கிழக்கில் இருந்த மரம் 12 மீட்டர் தள்ளி. அது டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 29 மீட்டர் வளர்ந்திருந்தால்தான் தொந்தரவு. அவ்வளவு இல்லை. ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை என்பதில் மாமாவுக்குப் பெரிய நிம்மதி. மிளகு அந்தக் கொடியில்தான் நன்றாகப் பிடித்திருந்தது.

ஏற்றம் 67.5 என்றதும் டிஷ்ஷின் முகத்தையே அந்தக் கோணத்துக்கு மல்லாத்தினேன். ஃபைண்டர் கத்தவே இல்லை. ஒரு மணி நேரம் இடமும் வலமும் திருப்பினேன். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. இது நடுவில் எல்என்பி வைக்கும் டிஷ் இல்லை. கீழே ஒரு கையை நீட்டி அதில் எல்என்பி வைத்திருக்கும் ஆஃப்செட் டிஷ். அதன் முகம் பார்க்கும் திசையைவிட மேலேதான் உண்மையில் பார்க்கும். எவ்வளவு மேலே என்று டிஷ்ஷை அளந்தாலே தெரியும். அகலத்தை உயரத்தால் வகுத்து, அதற்குரிய கோசைன் கோணத்தைப் பார்க்க வேண்டும். என்னுடையது 60 அகலம், 66 உயரம். 60-ஐ 66-ஆல் வகுத்தால் 0.909, கோணம் 24.6 டிகிரி. 67.5-லிருந்து அதைக் கழித்தால் 43. ஆக டிஷ்ஷின் முகம் செங்குத்திலிருந்து 43 டிகிரிதான் பின்னால் சாய வேண்டும். நான் 24 டிகிரி தள்ளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் விடியும்போதே பனிமூட்டம். பத்து மணிவரை தொட்டிகூடச் சரியாகத் தெரியவில்லை. சாய்வை மட்டும் சரிசெய்தேன். டிஷ்ஷின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் குறுக்கே நேரான மரச்சட்டம் வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் காட்டும் செயலியில் 47 வந்தால், செங்குத்திலிருந்து 43. திசைக்குப் போன் காம்பஸ். ஃபைண்டர் இப்போது கத்தியது! பெட்டியில் பார்த்தால் ஸ்ட்ரெங்த் 70, குவாலிட்டி 0.

இந்த இரண்டு எண்களையும் பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியே ஏதோ ஒரு சத்தம் வருகிறது என்பது மட்டும். எல்என்பியே கொஞ்சம் இரைச்சல் போடும். பக்கத்துக் கோள் எதைப் பார்த்தாலும் அது ஏறும். குவாலிட்டிதான் நாம் கேட்ட அலைவரிசையைப் பெட்டி புரிந்துகொண்டதா என்று சொல்வது. டிஷ் நிறுத்தும்போது ஸ்ட்ரெங்த்தைப் பார்க்கவே வேண்டாம்.

அன்று மாலை ஒண்டிக்கடைப் பக்கம் நடந்து போனபோது வழியில் இருந்த வீடுகளின் டிஷ்களைப் பார்த்துக்கொண்டே போனேன். இது நல்ல பாடம். டாடா பிளே 83 டிகிரி கோளைப் பார்ப்பது, அதனால் கிட்டத்தட்டத் தெற்கே, 158 டிகிரியில் நிற்கும். ஏர்டெல் 108.2 டிகிரி, அது 110 பக்கம், கிழக்கை ஒட்டி. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையில். வீட்டுக்கு வந்து என் டிஷ்ஷைப் பார்த்தால், அந்த 110 டிகிரிக்காரர்களோடு ஒரே வரிசையில் நின்றது. காம்பஸ் 127 என்று காட்டியபடிதான் வைத்திருந்தேன். காரணம் மேடைக்குள் ஓடும் இரும்புக் கம்பியும் தாங்குகுழாயும். போனை மேடையிலிருந்து பத்தடி தள்ளி எடுத்துப் போனால் எண் மாறியது, கிட்டே கொண்டுவந்தால் மறுபடி மாறியது. இரும்புக்குப் பக்கத்தில் காம்பஸை நம்பக் கூடாது.

மூன்றாம் நாள் சூரியனை நம்பினேன். சூரியன் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் நிற்கும் என்று காட்டும் செயலிகள் இருக்கின்றன. நாகலூரில் ஜனவரி 18 அன்று காலை 9.33-க்கு அது சரியாக 127 டிகிரியில் நிற்கும். மேடையில் ஒரு குச்சியிலிருந்து மேஸ்திரி பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். பனி 9 மணிக்கே விலகியது, அது அன்றைய அதிர்ஷ்டம். 9.33-க்கு நூலின் நிழல் விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் ஒரு முனை கோளின் திசை. காந்தம் இல்லை, இரும்பு இல்லை, தப்ப வழியே இல்லை. டிஷ்ஷின் கை அந்தக் கோட்டுக்கு இணையாக வரும்படி திருப்பி நிறுத்தினேன்.

பெட்டியில் நான் வைத்திருந்த சோதனை அலைவரிசை 11090 மெகாஹெர்ட்ஸ், வெர்டிகல் (அலை செங்குத்தாக அதிரும் வகை), சிம்பல் ரேட் என்கிற தரவு வேகம் 29500. எல்என்பிக்குள் 9750 கழிந்து கேபிளில் இறங்குவது 1340 மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் பழைய டிவி கேபிள் இதற்கு ஆகாது. அத்தை டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், மாமா நடுவாசலில் நின்று அதை எனக்குக் கடத்த வேண்டும் என்று ஏற்பாடு. "ஜீரோங்க... ஜீரோங்க..." கையை ஒரு விரல்கடை கிழக்கே நகர்த்தினேன். ஜீரோ. மேற்கே நகர்த்தினேன். "இருவத்தி ரெண்டு! நிறுத்துங்க, நிறுத்துங்க!" அத்தையின் குரல் மாமா இல்லாமலேயே எனக்குக் கேட்டது.

அங்கிருந்து அவசரப்படவில்லை. நட்டைப் பாதி இறுக்கி, ஏற்றத்தை அரை டிகிரி அரை டிகிரியாக மாற்றி 41 வரை கொண்டுவந்தேன். அதற்குமேல் நகரவில்லை. பிறகு எல்என்பியை அதன் கவ்விக்குள்ளேயே சுழற்றினேன். இதைப் பலர் செய்வதில்லை. கோள் நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே தள்ளி நிற்பதால் அதன் வெர்டிகல் நமக்குச் சாய்ந்து வருகிறது. எல்என்பியும் அதற்கேற்பச் சாய வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று கோளைப் பார்த்தபடி இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பத் திருப்ப எண் ஏறியது: 48, 55, 63, 68. அதைத் தாண்டினால் இறங்கியது. 68-இல் நிறுத்தி இறுக்கினேன். இறுக்கும்போது இரண்டு எண் குறைந்தது. திரும்பத் தளர்த்தி, இறுக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, அந்த அளவு முன்கூட்டியே தள்ளி வைத்து இறுக்கினேன். ஸ்கேன் ஓடியது. டிடி தமிழில் செய்தி வந்ததும் அத்தை சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

நடுவில் ஒரு பத்து நிமிடம் பயமுறுத்தியது எஃப் கனெக்டர். கேபிளை வெட்டி முடித்து மறுபடி மாட்டியதும் பெட்டியில் எல்லாமே பூஜ்யம். வெளிவலையின் ஒரே ஒரு இழை நடுக் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தது. பெட்டி எல்என்பிக்கு இதே கேபிளில்தான் மின்சாரம் அனுப்புகிறது, வெர்டிகலுக்கு 13 வோல்ட், ஹரிஸான்டலுக்கு 18. இழை பட்டால் ஷார்ட். கழற்றி, வலையைப் பின்னால் மடித்து, நடுக் கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் நீட்டி நிற்கும்படி வெட்டினேன். வெளிப்பக்க இணைப்பின்மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வழியாது.

பிப்ரவரியில் குரங்கு. தொட்டிமேடை அவற்றுக்கும் வசதியான இடம். ஒன்று எல்என்பி கையில் தொங்கியிருக்கிறது, குவாலிட்டி 68-லிருந்து 30-க்கு விழுந்தது. அடுத்த வாரம் போய், கையின் நுனியிலிருந்து டிஷ்ஷின் இரண்டு ஓரத்துக்கும் கட்டுக்கம்பி இழுத்து முறுக்கினேன். மறுபடி 66 வந்தது, அதற்குப் பிறகு அசையவில்லை.

மார்ச் நடுவில் மாமா போன். "பதினொண்ணே காலுக்குப் படம் நின்னு போச்சு மாப்ளே, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்துருச்சு. நேத்தும் இதே நேரம்." கனெக்டர் தளர்ந்துவிட்டதோ என்று யோசித்தேன். மூன்றாவது நாளும் அதே நேரம் என்றதும் புரிந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது டிஷ் கோளோடு சேர்த்துச் சூரியனையும் பார்க்கிறது, சூரியனின் இரைச்சலில் சமிக்ஞை மூழ்கிவிடுகிறது. சில நிமிடம்தான், சில நாள்தான். ஒன்றும் தொடாதீர்கள் மாமா என்றேன்.

மே மாத இடிக்குப் பெட்டியின் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்; தாங்குகுழாயிலிருந்து வீட்டு எர்த்துக்கு ஒரு செம்புக் கம்பியும் இழுத்துவிட்டேன். பெருமழை கொட்டும்போது படம் உறைகிறது, மழை தணிந்ததும் திரும்புகிறது. இந்த அலைவரிசைக்கு மழை ஆகாது. அடுத்த தடவை யாருக்காவது மலையில் போட்டால் 60-க்குப் பதில் 75 சென்டிமீட்டர் டிஷ்தான் வாங்குவேன், அந்த உறைவு குறையும். 280 ரூபாய் ஃபைண்டரை வாங்க மாட்டேன். அது எந்தக் கோளைப் பார்த்தாலும் கத்துகிறது, அத்தை சொன்ன எண்தான் உதவியது. கைக்கும் முதல் நாளே கட்டுக்கம்பி போட்டுவிடுவேன்.

இன்னொன்று. மார்ச்சில் அந்த மூன்று நாளும் நான் மலையில் இருந்திருந்தால் டிஷ்ஷின் திசையைக் கண்ணாலேயே சரிபார்த்திருக்கலாம். சூரியன் கோளுக்குப் பின்னால் நிற்கும் அந்த நிமிடத்தில் டிஷ்ஷில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சரியாக எல்என்பியின் முகத்தில் குவிய வேண்டும்; ஓரமாக விழுந்தால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அடுத்தது செப்டம்பர் 28-ஐ ஒட்டி, காலை 10.55 வாக்கில். மாமா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குப் பனி இல்லாமல் இருக்க வேண்டும்.